கோபத்தில் ஓடும் கூலர்

கருங்கல்வலசில் அந்த வருஷம் கோடை பங்குனி பாதியிலேயே வந்து இறங்கியது. வந்தது கிணற்றைக் குடித்தது, குட்டையைக் குடித்தது, பத்து நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரைப் பதினாலு நாளைக்கு ஒருமுறை ஆக்கியது, தகரக் கூரைக்கு அடியில் இருந்த சனத்தைத் தூங்கவும் விடாமல் விழிக்கவும் விடாமல் வறுத்து எடுத்தது. அந்தக் கோடையில்தான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற சம்பூரணம் தண்ணீர் ஊற்றாமலே ஓடுகிற ஒரு கூலரைச் செய்தாள். தண்ணீருக்குப் பதிலாக அது கோபத்தைக் குடித்தது. ஊரில் யாரும் இதை அதிசயமென்று சொல்லவில்லை, ஏனென்றால் கருங்கல்வலசில் தண்ணீருக்குத்தான் பஞ்சமே தவிர கோபத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

சம்பூரணத்தின் புருஷன் குப்புராஜ், அருணகிரி முதலாளியின் விசைத்தறிக் கூடத்தில் எட்டுத் தறி ஓட்டியவன். போன சித்திரையில் ஒரு மத்தியானம் அந்தக் கூடத்துக்குள்ளேயே வெக்கையில் விழுந்து செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று முதலாளி சொன்னார், டீயைத் தவிர வேறொன்றைக் குப்புராஜ் குடித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றாலும் ஊர் அதற்குத் தலையாட்டியது, பாதி ஊருக்கு அவர்தானே வேலை கொடுக்கிறார். சம்பூரணம் புகார் எழுதிப் போட்டாள், ஒரு வருஷம் அலைந்தாள், வைகாசி பதினாலாம் தேதி விசாரணை என்று காகிதம் வந்தது. அந்த ஒரு வருஷமும் அவள் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை, எழவு வீட்டில்கூடக் கத்தவில்லை. இருக்கிற கோபத்தை ஒரு சொட்டு சிந்தாமல் விசாரணை அன்றைக்கு அப்படியே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது.

கூலரை அவள் வியாபாரத்துக்காக ஆரம்பிக்கவில்லை, இனி இந்த ஊரில் ஒருத்தர் வெக்கையில் சாகக் கூடாது என்ற வெறியில் ஆரம்பித்தாள். டேபிள் ஃபேன் விலைக்கு மேல் போகக் கூடாது, கரண்ட் ஒரு குண்டு பல்பு இழுப்பதற்கு மேல் இழுக்கக் கூடாது, இந்த இரண்டும்தான் கணக்கு. நீல டிரம்மை மூன்று பக்கம் அறுத்துச் சன்னல் வைத்தாள். வெட்டிவேர் வைத்தால் விலை ஏறியது, தேங்காய் நார் வைத்தால் மூன்றாம் நாள் நாறியது, மரச்சீவல் வைத்தால் தூள் பறந்து தும்மல் வந்தது. கடைசியில் தறிக்கூடங்கள் மூட்டை மூட்டையாக வீசுகிற கழிவுநூலைக் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் திண்டு செய்தாள், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மீன்தொட்டி மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்ற, அவளே மெல்லிய கம்பியில் சுற்றிய மோட்டார் விசிறியை ஓட்ட, ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்தால் அறை நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் குடிக்க இல்லாத தண்ணீரை டிரம்மில் ஊற்ற யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, ஒருத்தர்கூட வாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கூலரிலிருந்து ஒழுகிய தண்ணீர் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா காயப்போட்ட மிளகாயை நனைத்துவிட்டது. பாப்பாத்தியக்கா வாயைத் திறந்தால் வலசு முழுக்கக் கேட்கும். சம்பூரணத்தின் பட்டறைக்குள் வந்து இடுப்பில் கைவைத்து, “ஏம்புள்ள, காத்து வாங்கறதுக்கு என்ற மொளகாதான் கெடச்சுதா, நீயும் உன்ற டப்பாவும், அக்கட்டால தூக்கிப் போட்டுருவேன் பாத்துக்க” என்று பிடித்தவள் கால்மணி நேரம் விடவில்லை. அதற்குள் டிரம்மில் தண்ணீர் தீர்ந்து அடி காய்ந்திருந்தது. காய்ந்த திண்டு வழியாகத்தான் மார்கழி விடியற்காலைக் காற்று வந்தது, சும்மா குளிர்ச்சி இல்லை, பல் கிட்டித்துப் போகிற குளிர்ச்சி. பாப்பாத்தியக்கா திட்டிக்கொண்டே முந்தானையை இழுத்துப் போர்த்தினாள், திட்டி முடித்ததும் விசிறி நின்று வெக்கை வந்தது, மறுபடி இரண்டு வார்த்தை திட்டிப் பார்த்தாள், விசிறி சுழன்று மறுபடி குளிர்ந்தது. “அட, இது நல்லாருக்குதே” என்று சொல்லிவிட்டு, எதற்காக வந்தோம் என்பதே மறந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் கேட்டதற்கு, “மொளகாயா? எந்த மொளகா?” என்றாள்.

ஒரே வாரத்தில் ஊரே வாங்கியது. மத்தியானம் இரண்டு மணி ஆனால் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சண்டையைத் தொடங்கினார்கள். ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும் என்று சம்பூரணம் எத்தனை தடவை சொல்லியும் எவரும் கேட்கவில்லை, திறந்தால் குளிர் வெளியே போய்விடும், அதைவிடச் சண்டை வெளியே போய்விடும். கல்யாண நாளில் போட்ட பருப்பில் உப்பில்லை என்று இருபது வருஷம் கழித்து மாமியாரைக் கேட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், மனு கொடுக்க வருகிறவரை நிற்க வைத்துக் கால்மணி நேரம் வசைபாடிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தப் பத்திரிகையிலேயே ‘சம்பந்தி சண்டை பகல் பன்னிரண்டு மணிக்கு’ என்று அச்சடித்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள், பேசினால்தானே சண்டை போட முடியும் என்று, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ராசியாகி, உட்கார்ந்து சண்டை போட்டன. ஒருத்தரை ஒருத்தர் ‘ங்க’ போட்டுத்தான் திட்டினார்கள், கொங்கு நாட்டு மரியாதை எங்கே போகும். ஊட்டிக்குப் போனபோது வாங்கிப் பெட்டியில் கிடந்த ஸ்வெட்டர்களெல்லாம் அக்கினி நட்சத்திரத்தில் வெளியே வந்தன.

பிறகுதான் சங்கதி புரிந்தது. கூலருக்கு முன்னால் கொட்டிய கோபம் திரும்பி வரவே இல்லை, ஈரத்துணி காய்கிற மாதிரி காய்ந்துபோனது, கோபத்துக்குக் காரணமான விஷயமும் கூடவே காய்ந்தது. காளியண்ணனும் அவர் பங்காளி ராசண்ணனும் ஒரு தென்னந்தோப்புக்காகப் பதினேழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள். மூன்றே நாள் கூலருக்கு எதிரே உட்கார்ந்து கத்தினார்கள், நாலாம் நாள் காளியண்ணன், “எனக்கெதுக்குங்க தோப்பு, நீங்களே வெச்சுக்கோங்க” என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பெண்டாட்டி தலையிலடித்துக்கொண்டு அழுதாள், அவருக்கு ஏனென்று புரியவில்லை. அன்றைக்கு ராத்திரி சம்பூரணம் தன் வீட்டிலிருந்த கூலரைத் தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடினாள். தனக்குள் இருக்கிறது காய்ந்துபோனால் தானும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவோம் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

சித்திரை முடியும் முன்பே ஊரில் கோபம் தீர்ந்தது. இருந்த பகையெல்லாம் காய்ந்துபோக, புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரனை வழிமறித்து வம்புக்கிழுத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், நல்ல மாட்டை மலடு என்றார்கள், வயசுப் பெண்களைப் பற்றி இல்லாததைச் சொன்னார்கள், ஒருத்தன் வளர்த்த நாய்க்கு இன்னொருத்தன் விஷம் வைத்துவிட்டு அவன் வந்து கேட்பதற்காக ஸ்வெட்டரோடு காத்திருந்தான். முன்னே வெக்கையில் வாடிய ஊர் இப்போது விஷத்தில் வாடியது. அப்படியும் அந்தக் கோபங்கள் ஒட்டுக்கோபங்கள், ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. வெயிலோ நாற்பத்து மூன்றைத் தொட்டது. அப்போதுதான் ஊர் மொத்தமும் சம்பூரணத்தின் பக்கம் திரும்பியது, ஒரு வருஷமாகத் தொடாமல் வைத்திருக்கிற கோபம் அவளிடம்தானே இருக்கிறது.

முதலில் பாப்பாத்தியக்கா வந்தாள். “ஏஞ்சம்பூரணம், சித்தெ கத்துனா என்ன கொறஞ்சா போயிருவ? பத்து நாளைக்கு இந்த வளவே குளுந்து கெடக்கும். உன்ற ஊட்டுக்காரன்தான் போயிட்டான், இருக்கறவங்களாச்சும் நல்லாருக்க வேண்டாமா?”

“அது எனக்கு வேணும்ங்கக்கா” என்றாள் சம்பூரணம், கையில் சுற்றிக்கொண்டிருந்த காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கோவத்தெ ஆராச்சும் பூட்டி வெப்பாங்களா? நல்ல கஞ்சப்பிசினாறி புள்ள நீ.”

கேட்டு வராதது கிளறினால் வரும் என்று கிளம்பினார்கள். அவள் பட்டறை வாசலில் கூலரைக் கொண்டுவந்து வைத்து, அவள் காதுபடக் குப்புராஜைக் குடிகாரன் என்றார்கள், பொம்பளைப் பொறுக்கி என்றார்கள். ரிப்பேருக்கு ஒரு மோட்டார் கொடுக்காமல் எல்லாவற்றையும் பக்கத்து ஊருக்கு எடுத்துப்போனார்கள். அவள் நடக்கிற வழியில் குப்பையைக் கொட்டினார்கள். சம்பூரணம் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள், வீட்டுக்குள் நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஊர் முழுக்க அவள் செய்த கூலரில் காற்று வாங்க, அவள் மட்டும் வெந்துகொண்டிருந்தாள். அவர்கள் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து உள்ளேயே வைத்துக்கொண்டாள். இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரைக்கூட அவள் மன்னிக்கவில்லை, அவள் மன்னிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அருணகிரி முதலாளிக்கு மூளை உண்டு. காளியண்ணன் தோப்பை எழுதிக்கொடுத்த கதையைக் கேட்ட அன்றைக்கே ஒரு சமரசப் பத்திரம் தயார் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்: என் கணவர் குடிபோதையில் விழுந்து இறந்தார், யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. பிறகு விசாரணை நடக்கப்போகிற நெசவாளர் சங்கக் கூடத்துக்குத் தன் செலவில் ஒரு கூலரை நன்கொடையாகக் கொடுத்தார், அதிகாரி வெளியூரிலிருந்து வருகிறார் பாவம், வெயில் தாங்கமாட்டார் என்று. மேடைக்குக் கீழே, சாட்சி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அதை வைக்கச் சொன்னார். அவள் அங்கே நின்று கத்தித்தான் தீர வேண்டும், கத்தினால் தீர்ந்துபோவாள், தீர்ந்தால் கையெழுத்துப் போடுவாள். ஊருக்கும் இது பிடித்திருந்தது. வராத கோபம் அன்றைக்கு வந்தே தீரும்.

வைகாசி பதினாலு மத்தியானம் கூடம் நிறைந்தது. ஸ்வெட்டர், மங்கி குல்லா, காசிக் கம்பளி, கல்யாணச் சால்வை என்று கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டு, குழந்தைகுட்டிக்குக் காலுறை மாட்டி, பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு வந்து உட்கார்ந்தார்கள். குளிர் வீணாகக் கூடாது என்று ஒன்பது ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் துணி அடைத்தார்கள். கூட்டம் தாங்காது என்று பியூன் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனான். அருணகிரி முதல் வரிசையில், ஸ்வெட்டருக்கு மேல் போன வருஷம் சங்கம் போர்த்திய பொன்னாடையைப் போர்த்தியிருந்தார். மேடையில் விசாரணை அதிகாரி மட்டும் அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“ஜன்னலைத் திறக்கலாமே” என்றார் அதிகாரி.

“வேண்டாமுங்க சார், அந்தப் புள்ள பேச ஆரம்பிச்சா குளுருமுங்க” என்றது கூட்டம்.

சம்பூரணம் எழுந்து வந்து தான் செய்த கூலருக்கு எதிரே நின்றாள். பெயர், ஊர், புருஷன் பெயர் சொன்னாள். “அவர் குடிப்பழக்கம் உள்ளவர்னு எதிர்த்தரப்புல எழுதியிருக்காங்களே” என்று அதிகாரி கேட்டார்.

“என்ற ஊட்டுக்காரர் குடிக்க மாட்டாருங்க!”

குரல் உயர்ந்துவிட்டது. விசிறி அரைச்சுற்றுச் சுற்றியது, ஒரு கையளவு குளிர் முன்வரிசையின் கன்னத்தில் பட்டது, கூடம் முழுக்க ‘ஆஹா’ என்று சத்தம் வந்தது, குல்லாக்களைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சம்பூரணம் அடுத்து, அன்று காலையில் அவன் என்ன சட்டை போட்டுக்கொண்டு போனான் என்று சொல்ல வாயெடுத்தாள், நினைவில் சட்டை இல்லை. அவளே துவைத்தது, அவளே பித்தான் தைத்தது, பிணத்தின் மேலிருந்து அவளே கழற்றியது, ஒரு வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த சட்டை, என்ன நிறம் என்று தேடினால் அந்த இடம் காய்ந்து கிடந்தது. இன்னொரு தடவை கத்தினால் இவர்கள் குப்புராஜின் முகத்தையும் போர்த்திக்கொண்டு போய்விடுவார்கள்.

இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் பேசுகிற குரலில் பேசினாள்.

“ஏழு ஜன்னலுங்க சார் அந்தக் கூடத்துல. காத்து வந்தா தறியில ஓடற பாவு நூல் காஞ்சு அறுந்துபோகுதுன்னு ஏழுக்கும் பலகை வெச்சு ஆணி அடிச்சிருந்தாங்க. ஃபேன் ஒயரைக் கழட்டியிருந்தாங்க. நூல் களவு போகுதுன்னு கதவை வெளிய தாழ் போட்டிருந்தாங்க. கூட ஓட்டறவர் சாப்பாட்டுக்குப் போயிட்டாருங்க, இவர் மட்டும் உள்ள இருந்தாருங்க.”

விசிறி அசையவில்லை. அவள் நிறுத்தாமல் அதே குரலில் சொன்னாள்: எத்தனை ஆணி, என்ன நீளம், கூரைத் தகரத்தில் கைவைத்தால் எப்படிக் கொப்பளிக்கும், இரண்டு மணிக்கு உள்ளே காற்று என்னவாக இருக்கும், மூன்று மணிக்கு என்னவாக இருக்கும். கூடத்தில் சுக்குக் காப்பி நாற்றமும் கம்பளி நாற்றமும் ஏறின. குல்லாவுக்குள் வியர்வை இறங்கியது. “கத்து புள்ள” என்று யாரோ கெஞ்சினார்கள். “சித்தெ கோவமாச் சொல்லு அம்மிணி, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் காளியண்ணன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கதவுல நகம் பிராண்டின தடம் இருந்துதுங்க சார். எட்டுத் தறியும் ஓடிட்டு இருந்துதுங்க. தறிச் சத்தத்துல அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டாருன்னு ஆருக்கும் கேக்கல. எனக்கும் தெரியாதுங்க.”

குழந்தைகள் வீரிட்டன. இரண்டு பெண்கள் பெஞ்சோடு சாய்ந்தார்கள். ஜன்னலில் கைவைத்தவனை, இதோ குளிர் வந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்து உட்காரவைத்தார்கள். பின்வரிசை போய்க் கதவை இழுத்தது, தாழ் வெளியே. அருணகிரி எழுந்தார், பொன்னாடை கழுத்தில் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது, முகம் செவ்வரளி நிறத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய்க் கதவை இரண்டு முஷ்டியாலும் இடித்தார்.

“தொறங்கடா! மூச்சு முட்டுதுடா! ஆளை உள்ள வெச்சுக் கொல்லப் பாக்கறீங்களாடா? ஜன்னலையாச்சும் தொறங்கடா, நான் மனுசன்டா!”

அது அசல் கோபம், ஒட்டுக்கோபமில்லை. விசிறி ஹூவென்று சுழன்று எடுத்தது. அந்தக் கோடையில் அதுவரை வராத குளிர் வந்தது, மேடைக் காகிதங்கள் பறந்தன, மயங்கினவர்கள் கண் திறந்தார்கள், சனம் வாயைப் பிளந்து அந்தக் காற்றைக் குடித்தது. கதவோரம் நின்ற அருணகிரியின் முகம் மெல்லத் தளர்ந்து, தோப்பை எழுதிக்கொடுத்த அன்றைக்குக் காளியண்ணனுக்கு வந்த அதே சிரிப்பு வரப் பார்த்தது. சம்பூரணம் அதைப் பார்த்தாள். நாலே எட்டில் போய்க் கூலரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எழுதுங்க சார்” என்றாள். “இப்ப அவர் சொன்னதை அவருக்கே மறந்து போறதுக்குள்ள எழுதிருங்க.”

வெக்கை திரும்பி வந்து உட்கார்ந்தது. பிளக்கைத் திரும்ப மாட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கீழே விழுந்த பேனாவைத் தேடி எடுத்து எழுதினார். காளியண்ணன் தன் தலைக் குல்லாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு ஜன்னலின் கொண்டியை எடுத்துவிட்டார். பாப்பாத்தியக்கா ஸ்வெட்டரை உரித்துப் போட்டுவிட்டு, ஊருக்கே கேட்கிற தன் குரலை எங்கேயோ விட்டுவிட்டவளாக, “என்ன எழுதுனீங்கன்னு ஒருக்கா படிங்க சார்” என்றாள்.

அதிகாரி படித்தார். ஆபீஸ்காரர்கள் எதையும் படிக்கிற அந்தத் தட்டையான குரலில், ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் படித்தார்: “தொறங்கடா. மூச்சு முட்டுதுடா. ஆளை உள்ள வெச்சுக் கொல்லப் பாக்கறீங்களாடா. ஜன்னலையாச்சும் தொறங்கடா. நான் மனுசன்டா.”

குப்புராஜ் அன்றைக்கு உள்ளேயிருந்து என்ன சொல்லிக் கத்தினான் என்று சம்பூரணத்துக்கு அப்போது தெரிந்தது.